ஏறுவதற்குச் சின்னது, இறங்குவதற்குப் பெரியது

மொட்டணம்பாளையத்துக்காரர்களை முட்டாள்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முட்டாள் என்பவன் சொன்னதை அரைகுறையாகக் கேட்டு அரைகுறையாகச் செய்பவன். மொட்டணம்பாளையத்தார் அப்படியல்ல. சொன்ன சொல்லை ஓர் எழுத்துக்கூடக் குறையாமல் செய்து முடிப்பவர்கள். ஊர்க் கிணற்றடியில் ‘தண்ணீர் இறைக்கும்போது கவனமாக இருக்கவும்’ என்று எவரோ எழுதி வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து அங்கே ஒருவர் தண்ணீர் இறைப்பார், இன்னொருவர் பக்கத்தில் நின்று கவனமாக இருப்பார்.

அந்த ஊரில் யோசிக்கிற ஆள் என்று பேர் வாங்கியவர் செங்கோடன். எதையும் சட்டென்று செய்துவிட மாட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார், கண்ணை மூடுவார், நெற்றியைத் தேய்ப்பார். அதற்கப்புறம்தான் தப்பாகச் செய்வார்.

தாய் தகப்பன் இல்லாத வீடு. செங்கோடனுக்கு இரண்டு தம்பிகள். பெரிய தம்பி அத்தியப்பன், நெல் குதிர் போல உடம்பு, அதிகம் பேச மாட்டான். சின்னத் தம்பி பொன்னுரங்கன், எதற்கும் சந்தேகம் கேட்பான். கடைசியாக ஒரே தங்கச்சி நவமணி. அவள் எப்போதும் சிரித்த முகமாக இருப்பாள். இந்த மூன்று பேரோடு வளர்ந்தவளுக்கு வேறு வழியும் இல்லை.

நவமணியைப் பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தலைச்சன் பிள்ளை வயிற்றில். வளைகாப்பு முடிந்து, பிரசவத்துக்குத் தாய்வீடு அழைத்துவர வேண்டிய நேரம் வந்தது. அண்ணன்மார் மூவரும் ட்ராக்டரைக் கழுவிப் பொட்டு வைத்து, பின்னால் ட்ரெயிலரில் முழங்கால் உயரத்துக்கு வைக்கோல் பரப்பி, அதன்மேல் ஜமுக்காளம் விரித்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

நவமணியின் மாமியார் ராமாயாள் வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

“ஏந்தம்பி, எம்மருமகளக் கரும்புன்னு நெனச்சீங்களா, ட்ரெயிலர்ல போட்டுக் கொண்டுபோக?”

“இல்லீங்கத்தை,” என்றான் அத்தியப்பன். “கரும்புன்னா வைக்கோல் போட மாட்டோமுங்க.”

ராமாயாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக விரல் மடக்கிச் சொன்னாள். கார் கொண்டுவர வேண்டும். பிள்ளைத்தாச்சிக்கு ஏறவும் இறங்கவும் சிரமம் இருக்கக் கூடாது. காலை நீட்ட இடம் வேண்டும், முதுகைச் சாய்க்க இடம் வேண்டும். வயிற்றுப் பிள்ளை அலுங்கக் கூடாது. எந்தக் கார் வசதி என்று முதலில் தாங்களே உட்கார்ந்து சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும். இல்லாவிட்டால் பிரசவம் இங்கேயே நடக்கட்டும், தாய்வீட்டுப் பேச்சே வேண்டாம்.

அந்தக் கடைசி வார்த்தை செங்கோடனுக்கு நெஞ்சில் தைத்துவிட்டது. தலைப்பிரசவம் புகுந்த வீட்டில் ஆகிவிட்டால் ஊர் நாலு விதமாகப் பேசும். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் பள்ளிக்கூடத்துக்கு நவமணியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவர் அவர். பிரசவத்துக்கு அவளைக் கொண்டுவர ஒரு வண்டி பார்க்கத் தெரியவில்லை என்றால் அந்தத் தோள் எதற்கு? அவர் ட்ராக்டரைத் திருப்பினார். நவமணி ஜன்னலிலிருந்து கை காட்டினாள். பதிலுக்குக் கை காட்ட அவருக்குத் தெம்பு இல்லை.

அவர்களுடைய தாய்மாமன் வையாபுரி டவுனில் பழைய கார் வாங்கி விற்கிறவர். மறுநாள் மூன்று பேரும் அவரிடம் போய் நின்றார்கள். மாமனுக்கும் நவமணி மேல் பிரியம்தான். கொட்டகையில் நின்ற இரண்டு வண்டிகளைக் காட்டினார். ஒன்று எஸ்யூவி, வெள்ளை, யானைக்குட்டி உயரம். மற்றது சிவப்பு ஹேட்ச்பேக், அதன் பக்கத்தில் முயல்குட்டி மாதிரி ஒடுங்கி நின்றது.

“ரெண்டையும் கொண்டுபோங்க மாப்ளே. உங்க வீடு மாதிரி நெனச்சு உள்ள உக்காந்து பாருங்க. எது வசதியோ அதுல தங்கச்சியக் கூட்டிட்டு வந்து எறக்கி விட்டுட்டு, அப்புறமா எனக்குக் கொடுத்தாப் போதும்.”

கூடவே இரண்டு புத்திமதியும் சொன்னார். பெல்ட் போடாமல் வண்டியை எடுக்கக் கூடாது. ஏசி போட்டால் கண்ணாடியை ஏத்திவிட வேண்டும், அப்போதுதான் உள்ளே ஜில்லென்று இருக்கும்.

செங்கோடன் இரண்டையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டார்.

பெல்ட்டுக்குத்தான் முதலில் சிக்கல். மூன்று பேரும் வேட்டி. பொன்னுரங்கனின் கல்யாணத்துக்கு ஒரு பேண்ட்டும் அதற்கொரு பெல்ட்டும் வாங்கியது நினைவுக்கு வந்தது. அவன் பஸ் ஏறி ஊருக்குப் போய் எடுத்து வந்தான். அதுவரை அண்ணன்கள் இருவரும் கொட்டகை நிழலில் காத்திருந்தார்கள். வந்து பார்த்தால் வண்டி இரண்டு, ஓட்டுகிறவர் இருவர், பெல்ட் ஒன்று. செங்கோடன் கண்ணை மூடி யோசித்துவிட்டு, பெல்ட்டை நடுவில் அறுத்து ஆளுக்குப் பாதியாகக் கொடுத்தார். பாதி பெல்ட் அத்தியப்பனின் இடுப்பில் கால்வாசிதான் வந்தது. மீதிக்குக் கயிறு போட்டுக் கட்டினார்கள்.

‘உங்க வீடு மாதிரி’ என்று மாமன் சொல்லியிருந்தாரே, அதனால் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் ஏறினார்கள். மூன்று ஜோடிச் செருப்பும் கொட்டகையிலேயே வரிசையாக நின்றன. வண்டிகள் ஊர் போய்ச் சேர்ந்தன.

மறுநாள் காலையில் சோதனை தொடங்கியது. செங்கோடனின் சம்சாரம் இரண்டு காரின் கதவுக்கு நேராகவும் கோலம் போட்டு வைத்திருந்தாள். அவளும் அந்த ஊர்க்காரிதான்.

எந்த வண்டியில் இடம் அதிகம் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். பார்த்தாலே தெரிகிறதே என்றான் அத்தியப்பன். பார்த்தால் தெரிவது வெளியில் உள்ள பெரிசு, நமக்கு வேண்டியது உள்ளே இருக்கிற இடம், பலாப்பழத்தை வெளியே பார்த்துச் சுளையை எண்ண முடியுமா என்று செங்கோடன் கேட்டார். அத்தியப்பன் ஒத்துக்கொண்டான். குதிரில் எவ்வளவு பிடிக்கும் என்று பார்க்க நெல்லைக் கொட்டுகிற மாதிரி, காரில் எதையாவது கொட்டி நிரப்பினால் தெரிந்துபோகும். தோப்பில் தேங்காய் வெட்டிக் குவித்துக் கிடந்தது. அதையே எடுத்தார்கள்.

பெரிய காரில் சீட்டின் மேல், சீட்டின் கீழ், டிக்கியில், ஸ்டியரிங்கைச் சுற்றி என்று கூரை முட்ட அடுக்கினார்கள். குவியலே காணாமல் போய்விட்டது. கதவைச் சாத்த அத்தியப்பன் முதுகைக் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது. அப்புறம் அத்தனையையும் இறக்கிச் சின்னக் காரில் அடுக்கினார்கள். அது சீக்கிரமே நிரம்பிவிட்டது. மிச்சம் வாசலில் கிடந்தது.

மூன்று பேரும் வேர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து முடிவைப் பேசினார்கள்.

“பெரிய வண்டி ரொம்பினதுக்கப்புறம் அதுல எத்தனை இடம் மிச்சம் இருந்துது?” என்று கேட்டார் செங்கோடன்.

“ஒண்ணுமில்லீங்ணா. ஒரு எலுமிச்சங்காய்கூடப் போகாது.”

“சின்னது ரொம்பினதுக்கப்புறம்?”

“அதுலயும் ஒண்ணுமில்லை.”

“அப்ப?”

பொன்னுரங்கன் கொஞ்ச நேரம் விரல்விட்டுப் பார்த்தான். “ரெண்டும் சமமுங்ணா.”

“வெளிய பாத்து ஏமாந்திருப்போம்,” என்றார் செங்கோடன். அவருக்கே தன் புத்தியை நினைத்துக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அடுத்தது அலுங்குவது. ஒரு குடம் நிறையத் தண்ணீர் மொண்டு பெரிய காரின் சீட்டில் வைத்தார்கள். கதவைச் சாத்தி, சத்தம் போடாமல் காத்திருந்து, திறந்து பார்த்தார்கள். ஒரு சொட்டு சிந்தவில்லை. சின்னதிலும் அப்படியே. வண்டியை ஓட்டிப் பார்க்கலாமே என்று பொன்னுரங்கன் சொன்னதற்கு, ஓட்டினால் தண்ணீர் சிந்தி சீட்டு பாழாகும், மாமன் வண்டி என்று செங்கோடன் தடுத்துவிட்டார்.

ஆக இடத்திலும் சமம், அலுங்குவதிலும் சமம். பாக்கி இருந்தது உட்காருகிற வசதி. பிள்ளைத்தாச்சி உட்காரும் வசதியைச் சாதாரண ஆள் உட்கார்ந்து எப்படிச் சொல்ல முடியும்? அத்தியப்பனைத் தேர்ந்தெடுத்தார்கள். பரணிலிருந்து ஒரு முற்றிய பூசணிக்காயை எடுத்து, அவன் வயிற்றில் வைத்துத் துண்டால் இறுக்கிக் கட்டினார்கள். கட்டியவுடன் அவனுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. நடை தளர்ந்தது, இடுப்பில் கை போனது. மாங்காய் கிடைக்குமா என்று அண்ணியிடம் கேட்டான். அவள் கொண்டுவந்து கொடுத்தாள்.

சின்னக் காரில் முதலில். குனிந்து, சாய்ந்து, பின்பக்கமாக விழுந்தான், உட்கார்ந்துவிட்டான். ஏறுவதில் ஒரு சிரமமும் இல்லை. ஆனால் பூசணிக்காய் முன் சீட்டில் முட்டியது, முழங்கால் தாடைக்கு வந்தது. இறங்கு என்றதும்தான் தெரிந்தது. பள்ளத்தில் உட்கார்ந்த எருமை மாதிரி எழுந்திருக்கவே முடியவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தார்கள்.

பெரிய காரில் அதற்கு நேர் எதிர். படியில் கால் வைக்க எட்டவில்லை. வயிறு கதவோரத்தில் இடித்தது. கீழிருந்து தம்பியும் மேலிருந்து அண்ணனுமாகத் தூக்கி ஏற்றினார்கள். ஏறி உட்கார்ந்த பிறகோ ராஜா மாதிரி இருந்தது. காலை நீட்டினான், முதுகைச் சாய்த்தான், கண்ணை மூடிவிட்டான். இறங்குவதும் சுலபம், காலைத் தொங்கப் போட்டால் தரை வந்துவிட்டது.

அங்கேதான் மாமன் சொன்ன இரண்டாவது புத்திமதி ஞாபகம் வந்தது. கண்ணாடியை ஏத்த வேண்டும். வீட்டு உள்ளறையில் ஓர் ஆள் உயரத்துக்கு நிலைக்கண்ணாடி ஒன்று இருந்தது. அதைச் சட்டத்தோடு கழற்றி, போர்வையில் சுற்றிப் பெரிய காரில் ஏற்றி, பின் சீட்டின் ஓரமாக நிறுத்தி, போர்வையை உருவிவிட்டு ஏசியைப் போட்டார்கள். மெய்யாகவே ஜில்லென்று ஆனது.

பொன்னுரங்கன் உள்ளே தலையை நீட்டிவிட்டு வெளியே எடுத்தான். “அண்ணா, கண்ணாடி ஏத்தினதும் சீட்டு ரெட்டிப்பாயிருச்சு.”

செங்கோடன் பார்த்தார். உண்மைதான். இந்தப் பக்கம் ஒரு சீட்டு, அந்தப் பக்கம் ஒரு சீட்டு. மாமன் சும்மா சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

அத்தியப்பன் பூசணிக்காயோடு மறுபடியும் ஏறப்போனவன் பாதியில் நின்றான். “உள்ள ஏற்கெனவே ஒருத்தர் இருக்கறாருங்ணா. அவருக்கும் மாசமாட்ட இருக்குது.”

“அப்படீன்னா தொந்தரவு பண்ணாதே,” என்றார் செங்கோடன். “எறங்கி வா.”

மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் கடைசி ஆலோசனை நடந்தது. செங்கோடன் துண்டை உதறினார், கண்ணை மூடினார், நெற்றியைத் தேய்த்தார். வெகுநேரம் தேய்த்தார். தம்பிகள் இருவரும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஏற எது சுலபம்?”

“சின்னதுங்ணா.”

“எறங்க?”

“பெரிசு.”

“அத்தை என்ன சொன்னாங்க? ஏறவும் எறங்கவும் சிரமம் இருக்கக் கூடாதுன்னு. அப்ப ஏறறது சின்னதுல, எறங்கறது பெரிசுல. ரெண்டையும் கொண்டுபோயிரலாம்.”

அத்தியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணனுக்கு மட்டும் இது எப்படித் தோன்றுகிறது என்று தம்பியிடம் கேட்டான். பொன்னுரங்கனுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. ஆனால் அது என்ன சந்தேகம் என்று அவனுக்கே பிடிபடாததால் கேட்கவில்லை.

அடுத்த நாள் இரண்டு கார்களும் ராமாயாள் வீட்டு வாசலில் போய் நின்றன. பெரிய காருக்குள் வெயில் படாமல் இருக்க, அண்ணி தன் சேலை ஒன்றை ஜன்னல் பக்கமெல்லாம் திரையாகக் கட்டி அனுப்பியிருந்தாள். ராமாயாள் வெளியே வந்தாள். ஒன்றுக்கு இரண்டு காராகக் கண்டதும் அவள் முகம் கொஞ்சம் இளகியது. கதவைத் திறந்து உள்ளே பார்த்தாள். நிலைக்கண்ணாடி பளபளவென்று நின்றது.

“இதெல்லாம் எதுக்குங்க தம்பி?” என்று கேட்டுக்கொண்டே, தன் மகனைக் கூப்பிட்டு அதை இறக்கி உள்ளே கொண்டுபோய் வைக்கச் சொன்னாள். சீர் என்று நினைத்துவிட்டாள். கண்ணாடி போய்விட்டால் ஏசி வேலை செய்யுமோ என்று பொன்னுரங்கன் காதோடு கேட்டான். அத்தை முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்திருக்கிறது, புழுங்கினாலும் பரவாயில்லை என்று செங்கோடன் சொல்லிவிட்டார்.

எதற்கு இரண்டு வண்டி என்று ராமாயாள் கேட்டாள்.

“ஏற ஒண்ணுங்க, எறங்க ஒண்ணுங்க. பெரிய வண்டியில இருந்து பத்திரமா எறக்கிர்றோமுங்க. அதுக்கு நான் பொறுப்பு.”

அந்த ஒரு நிமிஷத்துக்குச் செங்கோடன் குரல் நடுங்கியது. ராமாயாளுக்கு அவர் சொன்னது பாதிதான் விளங்கியது. ஆனால் அந்த நடுக்கம் முழுசாக விளங்கியது. சரி, கூட்டிக்கொண்டு போங்கள் என்றாள். நவமணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சின்னக் காரில் ஏறினாள். அழுகிறாள் என்று அண்ணன்மார் நினைத்தார்கள்.

பாதி தூரம் வந்ததும் செங்கோடன் பெரிய காரை நிறுத்தினார். இனி ‘இறங்குகிற பாதி’ ஆரம்பம். அத்தியப்பன் சின்னக் காரை அதன் பக்கத்திலேயே ஒட்டி நிறுத்தினான். ரோடு முழுக்க இரண்டு வண்டிகளும் அடைத்துக்கொண்டன. இதன் கதவையும் அதன் கதவையும் திறந்து, நவமணியை இதிலிருந்து அதற்கு மாற்ற வேண்டியதுதான்.

கதவைத் திறந்தால் இரண்டு கதவும் முட்டிக்கொண்டு நடுவில் போக வழியில்லை. கதவைச் சாத்தினால் வழி இருந்தது, கதவு இல்லை. இப்படியும் அப்படியும் செய்து பார்த்தார்கள். நவமணி உள்ளே உட்கார்ந்து ஒரு கொய்யாப்பழத்தைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் கேட்டாள்.

“பெரியண்ணா, நான் இதுல இருந்து எறங்கி, நடந்துபோயி அதுல ஏறிக்கட்டுமா?”

செங்கோடன் பதறிப்போனார். “அம்மிணி, சின்னதுல எறங்கறதும் பெரிசுல ஏறறதும்தான் ஆகாதுன்னு ஒரு பகல் பூராச் சோதிச்சுக் கண்டுபிடிச்சிருக்கறோம். அந்த ரெண்டையுமே பண்றேங்கறயே.”

பொன்னுரங்கனுக்குத் தன் சந்தேகம் என்னவென்று அப்போதுதான் பிடிபட்டது. ஆனால் அதைச் சொல்வதற்குள் பின்னால் பஸ் வந்து நின்று ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, ரெண்டு வண்டியையும் ஓரங்கட்டுங்கய்யா என்று கத்தினார்.

நல்லவேளையாகப் பெரிய கார் டிக்கியில் மாட்டுக் கயிறு கிடந்தது. சின்னக் காரை ரோட்டின் இந்த ஓரத்துப் புளியமரத்தடிக்குக் கொண்டுபோய்க் கட்டினார்கள். பெரிய காரை எதிர் ஓரத்து வேப்பமரத்தில் கட்டினார்கள். வண்டி இழுத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்று செங்கோடன் முடிச்சுக்கு மேல் முடிச்சுப் போட்டார். கன்றுக்குட்டிக்குப் போடுகிற முடிச்சு தாங்குமா, காளைக்குப் போடுகிறதா என்று அத்தியப்பன் கேட்டான். வண்டியின் உயரத்தைப் பார்த்துக் காளை முடிச்சே போட்டார்கள்.

அதற்குள் நவமணி கதவைத் திறந்து, காலை வெளியே வைத்து, ஒரு கையை ஊன்றித் தானாகவே எழுந்துவிட்டாள். கண்டக்டர் அவள் வயிற்றைப் பார்த்துவிட்டு, ஏறும்மா, முன் சீட்டு காலியாகத்தான் இருக்கிறது, மொட்டணம்பாளையம் வழியாகத்தான் போகிறோம் என்றார். அவள் அண்ணன்மாரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுத்தான் ஏறினாள். செங்கோடன் வாயில் கயிற்றின் ஒரு நுனி இருந்தது. ஹாரன் சத்தத்தில் காதில் விழுந்ததும் கொஞ்சம்தான். தலையை ஆட்டினார். பஸ் போய்விட்டது.

முடிச்சுகளை ஒருவழியாக அவிழ்த்துவிட்டு வந்து பார்த்தால் சின்னக் காரில் நவமணி இல்லை. கொய்யாப்பழக் காம்பு மட்டும் கிடந்தது.

“எங்கீங்ணா போயிருப்பா?” என்றான் பொன்னுரங்கன்.

“வண்டி ரெண்டு. ஒண்ணுல இல்லீன்னா?”

“இன்னொண்ணுல இருக்கணும்.”

“அவ்வளவுதான். நம்ம கஷ்டத்தப் பாத்து அவளாவே மாறிட்டா.” செங்கோடன் நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டார். பொன்னுரங்கன் சேலைத் திரையை விலக்கி எட்டிப் பார்க்கப் போனான். பிள்ளைத்தாச்சி கண் அசந்திருப்பாள், எழுப்பாதே என்று கையைப் பிடித்து இழுத்துவிட்டார்.

அதற்கப்புறம் பெரிய காரை அவர் ஓட்டிய அழகை அந்த ரோட்டில் பார்த்தவர்கள் இன்னும் சொல்கிறார்கள். வயிற்றுப் பிள்ளை அலுங்கக் கூடாது. பொன்னுரங்கன் முன்னால் நடந்துபோய் ரோட்டில் கிடந்த கல்லையெல்லாம் பொறுக்கி ஓரத்தில் போட்டுக்கொண்டே வந்தான். அவன் பின்னால் பெரிய கார் ஊர்ந்தது. அதன் பின்னால் சின்னக் கார். ஓர் ஆட்டுமந்தை அவர்களை முந்திக்கொண்டு போயிற்று. கிழடு ஆடு ஒன்று கொஞ்ச தூரம் செங்கோடனுக்குச் சமமாக நடந்து, ஜன்னலில் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, அதுவும் முந்திவிட்டது. தங்கச்சி முதுகுக்குப் பின்னால் நிம்மதியாகத் தூங்குகிறாள் என்ற நினைப்பில் அவருக்கு எதுவும் பெரிதாகப் படவில்லை. பழைய தாலாட்டு ஒன்றை மெதுவாக முனகிக்கொண்டு வந்தார்.

வீட்டு வாசலில் வண்டி நின்றபோது பொழுது சாய்ந்திருந்தது. நவமணி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். குளித்து, தலை சீவி, பூ வைத்திருந்தாள்.

செங்கோடன் தண்ணீரை வாங்கிக் குடித்தார். பாதியில் நிறுத்தினார். அவளைப் பார்த்தார், காரைப் பார்த்தார்.

“நீ எப்ப எறங்கினே?”

“நான் பஸ்ஸுல வந்துட்டனுங்ணா. உங்ககிட்டச் சொல்லிட்டுத்தானே ஏறினேன். முன் சீட்டு, நல்லாக் காத்து. அலுப்பே தெரியல.”

அவள் பத்திரமாக வந்துவிட்டாள் என்றதும் அவருக்கு முதலில் சந்தோஷம்தான். அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். ஆனால் திண்டாட்டம் அடுத்த நிமிஷமே தொடங்கிவிட்டது. ராமாயாளிடம் அவர் கொடுத்த வாக்கு வேறு. பெரிய வண்டியிலிருந்து பத்திரமாக இறக்குகிறேன் என்றல்லவா பொறுப்பு எடுத்திருந்தார்? நவமணி இறங்கியது பஸ்ஸிலிருந்து. அது பஸ்காரன் பொறுப்பு. பெரிய வண்டியிலிருந்து அவள் இன்னும் இறங்கவில்லை. இறங்க வேண்டுமானால் ஏற வேண்டும், பெரிசில் ஏறுவதுதான் ஆகாது என்று அவர்களே கண்டுபிடித்திருந்தார்கள்.

அவர் இப்படிக் குழம்பிக்கொண்டிருக்கையில் போன் அடித்தது. ராமாயாள். வந்து சேர்ந்தீர்களா, மருமகள் வண்டியைவிட்டுப் பத்திரமாக இறங்கினாளா என்று கேட்டாள்.

செங்கோடன் பொய் சொல்லத் தெரியாதவர். “பெரிய வண்டி வந்து வாசல்ல நிக்குதுங்கத்தை. ஆனா அதுல இருந்து அவ இன்னும் எறங்கலீங்க.”

“அலுப்புல தூங்கறா போலிருக்குது. அவளா எறங்கட்டும் தம்பி. அதுவரைக்கும் வண்டியத் தொடாதீங்க, அசைக்காதீங்க, ஆமா.”

செங்கோடன் போனை வைத்துவிட்டு, தம்பிகளைக் கூப்பிட்டு உத்தரவைச் சொன்னார். பெரிய காருக்கு முன்னும் பின்னும் கல் அண்டை கொடுத்தார்கள். பெல்ட் பாதியைக் கழற்றி ஆணியில் மாட்டினார்கள்.

கார் நின்ற இடத்திலேயே நின்றது. மழைக்கு அதன்மேல் தார்ப்பாய் போட்டார்கள். வீட்டில் சத்தமாகப் பேசுகிறவர்களைச் செங்கோடன் காரின் பக்கம் கை காட்டி அடக்கினார். நவமணி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். நீ இறங்கியது எங்களுக்குத் தெரியும் அம்மிணி, அதிலிருந்து இறங்கவில்லையே, அதுதானே பேச்சு என்று அவர் பொறுமையாக விளக்கினார். சில நாள் கழித்து அவளும் விட்டுவிட்டாள்.

அவளுக்கு வலி எடுத்த அன்று வாசலில் இரண்டு கார்கள் நின்றன. பெரியதை அசைக்கக் கூடாது. சின்னதில் ஏற்றிவிடலாம், ஆஸ்பத்திரியில் இறக்குவது யார்? பக்கத்து வீட்டு ஆட்டோவைக் கூப்பிட்டார்கள். ஆட்டோவை யாரும் சோதித்துப் பார்க்கவில்லையாதலால் அதில் குறை ஒன்றும் தெரியவில்லை. செங்கோடன் ஆட்டோவின் பின்னாலேயே ஆஸ்பத்திரி வரை ஓடினார். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். ராமாயாள் வந்து பேத்தியைத் தூக்கிப் பார்த்து, தாய்வீட்டுப் பக்குவம் நன்றாகத்தான் இருக்கிறது என்று ஊரறியச் சொல்லிவிட்டுப் போனாள். அன்று செங்கோடன் ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்துக்குப் பின்னால் போய் நின்று கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தார்.

ஒருநாள் காலையில் வையாபுரி மாமன் பஸ்ஸில் வந்து இறங்கினார். நேராகத் தார்ப்பாயைப் பார்த்துவிட்டு, என்ன மாப்ளே, வண்டி இன்னும் வந்து சேரலையே என்றார்.

செங்கோடன் எழுந்து நின்று, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். “மன்னிக்கணுமுங்க மாமா. சின்னதை இப்பவே எடுத்துக்குங்க. பெரிசுல இருந்து நவமணி இன்னும் எறங்கலீங்க.”

மாமன் காரைப் பார்த்தார். சேலைத் திரை அப்படியே தொங்கியது. அந்த நேரம் நவமணி இடுப்பில் குழந்தையோடு வெளியே வந்து, வாங்க மாமா என்று சொல்லி ஒரு சொம்பு மோரை நீட்டினாள். மாமன் வாங்கிக் குடித்தார். குழந்தையின் கன்னத்தைத் தொட்டார். மறுபடியும் காரைப் பார்த்தார். அவரும் மொட்டணம்பாளையத்தில் பிறந்தவர்தான். யோசித்துக்கொண்டே மீசையைத் துடைத்தார். பிறகு நவமணியைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப்போய், காரில் இருப்பவளுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“நான் போயிச் சொன்னா வெரட்டறாங்கன்னு அவ மனசு சங்கடப்படும். நீ பொம்பளப்புள்ள, உனக்குத்தான் பக்குவமாப் பேச வரும். அவகிட்ட நயமா எடுத்துச் சொல்லு சாமி, அடுத்த வாரம் வண்டிய விக்கணும், அதுக்குள்ள எறங்கினாப் போதும்னு.”

“சரிங்க மாமா,” என்றாள் நவமணி. “சொல்லிப் பாக்கறேன்.”

மாமன் சின்னக் காரில் ஏறினார். பெரிய காரில் தூங்குகிறவள் விழித்துக்கொள்ளக் கூடாதே என்று, தெருமுனை தாண்டும்வரை அதை மூன்று மாப்பிள்ளைகளையும் விட்டுத் தள்ளச் சொன்னார்.